உயிர் தப்பியவர்கள் வாய் திறக்கக் கூடாதா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள்: "உயிர் தப்பினதே பெரிய காரியம்." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, விறாந்தையில் அமர்ந்து, தேநீர் குடித்தபடி சொல்கிறார்கள். முதல் மாதத்தில் அது ஆறுதலாகவும் இருக்கிறது. ஆறாம் மாதத்தில், கை வீங்குகிறது, வாயில் எச்சில் ஊறுவதில்லை, உள்ளங்கால் எரிகிறது என்று அவர் சொல்லத் தொடங்கும்போது அதே வசனம் மறுபடியும் வருகிறது. அப்போது அது ஆறுதலல்ல, வாய்ப்பூட்டு. உறவினர் சொல்கிறார், அயலவர் சொல்கிறார், கிளினிக்கில் நீண்ட வரிசையைப் பார்த்துக் களைத்துப்போன வைத்தியரும் சொல்கிறார். இரண்டாம் ஆண்டில் நோயாளியே தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்.

அந்த வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். சிகிச்சை நடக்கும்போது முடி கொட்டுவதும் வாந்தி எடுப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. திரைப்படங்கள் அவற்றைக் காட்டியிருக்கின்றன. அவை பெரும்பாலும் போய்விடும், முடி திரும்ப முளைக்கும். நான் சொல்வது போகாதவற்றை. கத்தியும் கதிரும் மருந்தும் நோயை அழிக்கும்போது, கூடவே உடம்பில் எதையோ நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போகின்றன. அந்த இழப்போடு ஒருவர் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், அதற்கு மேலும் வாழ வேண்டியிருக்கிறது.

தென்மராட்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்தபோது அவரது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். எடுக்க வேண்டியிருந்தது, அதில் தவறில்லை. ஆனால் கையிலிருந்து நிணநீர் வடிந்து செல்லும் வழி அந்தக் கணுக்கள் ஊடாகத்தான். வழி அடைபட்டால் நீர் கையிலேயே தேங்கும். சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குச் சில ஆண்டுகளின் பின் கை வீங்கத் தொடங்கும். 2013 இல் 'லான்செட் ஒன்கொலொஜி' மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது என்று கணக்கிட்டது. இது அபூர்வமான துரதிர்ஷ்டம் அல்ல, எதிர்பார்க்க வேண்டிய விளைவு.

அந்த ஆசிரியைக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலக் கிணற்றில் தண்ணீர் அள்ளினார், தேங்காய் துருவினார், விறகு பிளந்தார். இரண்டாம் ஆண்டில் சட்டைக் கை இறுகியபோது உடம்பு வைத்துவிட்டது என்று நினைத்தார். ஒருநாள் வளவில் தேசிக்காய் பிடுங்கும்போது முள் கீறியது. மறுநாள் கை முழுவதும் நெருப்பாகச் சிவந்து, காய்ச்சலில் நடுங்கி, வைத்தியசாலையில் ஒரு வாரம் கிடந்தார். நிணநீர் தேங்கிய கையில் சிறு கீறலும் இப்படிக் கிருமித் தொற்றாகப் பரவக்கூடும். ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தை இன்னும் மோசமாக்கும். முள், மீன் செதில், பனைமட்டைக் கருக்கு, தோசைக்கல் என்று நம்முடைய பெண்களின் கைகள் அன்றாடம் எவற்றோடு புழங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஊரிலே அவரிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "கையிலயும் யானைக்கால் வருமோ ரீச்சர்?" அதன் பிறகு அவர் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

இந்த யானைக்கால் நோயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுளம்பால் பரவும் அந்த நோயை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. அந்த அங்கீகாரத்தைப் பெற வேண்டுமானால், பரவலைத் தடுத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே கால் வீங்கிப்போனவர்களுக்குக் காலைக் கழுவிப் பராமரிக்கவும் தொற்று வராமல் காக்கவும் வழி செய்திருப்பதையும் ஒரு நாடு காட்டியாக வேண்டும். வீக்கம் அதே வீக்கம்தான், தேங்குவதும் அதே நிணநீர்தான். நுளம்பு செய்தால் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும், சத்திரசிகிச்சை செய்தால் நோயாளி நன்றி சொல்லிக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். இது என்ன நியாயம்?

வாய்ப் புற்றுநோய்க்கு வருகிறேன். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் நம்முடைய தட்டத்தில் எவ்வளவு காலமாக இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேறிப் போய், இங்கே கல்வீடுகளைக் கட்டித் தந்த பயிர். பாக்கு மட்டுமே தனித்தும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் நிபுணர்கள் 2003 இல் முடிவு செய்தார்கள். காரணங்கள் பற்றி நிறையப் பேசியாயிற்று, சுவரொட்டிகளும் ஒட்டியாயிற்று. தப்பியவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று யாராவது பேசியதுண்டா?

கழுத்துக்கும் தாடைக்கும் கதிர்வீச்சுக் கொடுக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் கருகுகின்றன. பலருக்கு அவை முழுமையாக மீள்வதில்லை. வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் காலையில் புட்டுச் சாப்பிட்ட மனிதர், ஐந்து ஆண்டுகளாகப் புட்டை வாயில் வைக்கவில்லை. எச்சில் இல்லாத வாயில் புட்டு மணலைப் போலக் கிடக்கிறது என்றார். நம்முடைய உறைப்பு அவருடைய நாக்கில் அமிலம். இடியப்பத்தைச் சொதியில் கரைத்துக் குடிக்கிறார். இரவில் மணிக்கொருதரம் எழுந்து வாயை நனைக்கிறார். இதிலே இன்னொரு ஆபத்தும் உண்டு. எச்சில்தான் பல்லைக் காப்பது. அது வற்றினால் பற்கள் விரைவாகச் சூத்தை விழும். கதிர்வீச்சுப் பட்ட தாடை எலும்புக்கோ இரத்த ஓட்டம் குறைவு. அந்த எலும்பிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். ஆகவே கதிர்வீச்சுத் தொடங்குவதற்கு முன்னரே பற்களைச் சோதித்து, பிடுங்க வேண்டியவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். பின்னர் எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும் "எனக்குக் கழுத்தில் கதிர்வீச்சுத் தந்திருக்கிறார்கள்" என்று சொல்லியாக வேண்டும். நான் சொல்லும் மனிதருக்கு இது தெரியாது. பல் வலித்தது, நகரத்தில் ஓரிடத்தில் போய்ப் பிடுங்கினார். அவர்கள் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. அதன்பின் நடந்ததை இங்கே விவரிக்க விரும்பவில்லை. புற்றுநோயில் தப்பியவர் தாடையின் ஒரு பகுதியை இழந்தார் என்பதோடு நிறுத்துகிறேன்.

அவருக்கு வாயும் முழுதாகத் திறப்பதில்லை. சாதாரணமாக ஒருவர் தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியும். கதிர்வீச்சினால் தாடைத் தசைகள் இறுகிப்போனவருக்கு ஒரு விரலே சிரமம். இதைத் தடுப்பதற்கு, அல்லது குறைப்பதற்கு, உலகமெங்கும் சொல்லித் தரப்படும் எளிய வழியொன்று உண்டு. ஐஸ்கிறீம் குச்சி போன்ற தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பற்களுக்கிடையே வைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு குச்சியைக் கூட்டுவது. சிகிச்சைக் காலத்திலேயே தொடங்கி, நாளுக்குப் பல தடவை செய்ய வேண்டும். ஐஸ்கிறீமுக்குப் பேர்போன ஊரில் குச்சிக்கா பஞ்சம்? டொலர் இல்லை, நிதி இல்லை, 2022 இல் நாடே வங்குரோத்தாகிவிட்டது என்ற விளக்கங்கள் எல்லாம் மருந்துக்குப் பொருந்தலாம். குச்சிக்குப் பொருந்தாது. இங்கே இல்லாமற்போனது பணமல்ல. இதைச் சொல்லித்தருவது தம் கடமை என்று எவரும் கருதாததே குறை.

கீமோ மருந்துகள் சிலவற்றின் கதை வேறு. பக்லிரக்செல், ஒக்சாலிபிளாட்டின் போன்றவை விரல் நுனிகளிலும் பாதங்களிலும் உள்ள நரம்புகளைத் தாக்கும். சிலருக்கு விறைப்பு, சிலருக்கு எரிவு. சிலருக்குக் காலப்போக்கில் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். தையல் இயந்திரத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய் ஒருவருக்கு இன்று ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கண்ணில் குறையில்லை. விரலுக்கிடையே ஊசி இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. திருவிழாக் காலத்தில் கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு வீதி சுற்றிவந்தவருக்கு, வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பாதம் கொப்பளித்திருந்தது தெரிந்தது. சிஸ்பிளாட்டின் செவியைப் பாதிக்கும். "வயது போனால் காது மந்தம்தானே" என்று அதையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். டொக்ஸோரூபிசின் பல ஆண்டுகளின் பின்னரும் இதயத்தைப் பலவீனமாக்கக்கூடும். மூச்சு வாங்குகிறது என்று ஏதோ ஒரு கிளினிக்குக்குப் போகும் அந்தப் பெண்ணிடம், பத்தாண்டுகளுக்கு முன் என்ன மருந்து ஏற்றினார்கள் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "சிவப்பு மருந்து" என்பார். அந்த மருந்தின் நிறம் அது. அவரிடம் இருக்கும் ஒரே மருத்துவ வரலாறு அந்த நிறம் மட்டும்தான்.

பெண்கள் பேசாத இன்னொன்றும் உண்டு. முப்பத்தைந்து வயதில் மாதவிடாய் நின்றுபோவது, குழந்தைப்பேறு இல்லாமற்போவது, தாம்பத்தியம் வலியாகிப்போவது. கணவனிடமே சொல்ல வாய்வராத இதை அவர்கள் வேறு எவரிடம் சொல்வார்கள்? நம்முடைய ஊரில் நோயின் பெயரையே சொல்வதில்லை, "அந்த வருத்தம்" என்கிறோம். மகளுக்குக் கலியாணம் பேசும் வீட்டில் அந்த வருத்தம் வந்ததையே மறைக்கிறார்கள். நோயை மறைத்தவர் அதன் விளைவை எப்படி வெளியே சொல்வார்?

"உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்ற வசனம் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. கதிர்வீச்சுக்குப் போவதென்றால் மகரகம. மகரகமவுக்குப் போவதென்றால் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் தாண்ட வேண்டும்; பின்னாளில் செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் திருகோணமலைக்குப் போக வேண்டும். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது. அந்த ஆண்டுகளில் புற்றுநோய் என்று தெரிந்தும் எங்கும் போக முடியாமல் வீட்டுத் திண்ணையில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. அன்று சிகிச்சை கிடைத்ததே அதிர்ஷ்டம், தப்பியது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். அன்றைக்கு அந்த வசனம் உண்மை.

இன்று நிலைமை அதுவல்ல. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் தூரத்தை நடந்து, நிதி திரட்டி, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையை எழுப்பினார்கள். 'ட்ரெயில்' என்ற அந்த நடைபயணத்தில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் அது நடந்தது. 2013 இல் வைத்தியசாலை திறந்தது. உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்த வலிகாமம் வடக்கில், இடம்பெயர்ந்த மக்கள் திரும்பி வந்து வேலி அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அப்படி ஒன்று எழுந்ததை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன். 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் பறந்தது. வசதி உள்ளவர் அடையாறு வரை போகிறார். இடையில் நின்றாலும் அந்தச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆக, முன்னரைவிட அதிகமானோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்கள் பெருகும்போது, பிழைத்த உடம்போடு எப்படி வாழ்வது என்பதும் மருத்துவத்தின் வேலையாகிறது. நாமோ 1995 இன் வசனத்தை வைத்துக்கொண்டு இன்றைய நோயாளியின் வாயை அடைக்கிறோம்.

இதிலே எனக்கு உண்மையிலேயே விளங்காத ஒன்று இருக்கிறது. காயப்பட்ட உடம்போடு வாழ்வதைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய ஊர் இது. 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து தருகிறது. மிதிவெடியில் காலிழந்த விவசாயி அங்கே போனால் அளவெடுத்து, கால் பொருத்தி, நடக்கப் பழக்கி, கால் தேய்ந்தால் மாற்றியும் தருவார்கள். "உயிர் தப்பினதே பெரிய காரியம், காலெதற்கு?" என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்போம். எறிகணை எடுத்த காலுக்கு ஈடு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட சமூகம், சிகிச்சை எடுத்த எச்சிலுக்கும் செவிக்கும் விரலின் உணர்ச்சிக்கும் ஈடு கேட்பதை ஏன் நன்றிகெட்டதனமாகப் பார்க்கிறது? போர்க்காயத்துக்கு ஒரு எதிரி இருந்தான். புற்றுநோய்ச் சிகிச்சையின் காயத்தை உண்டாக்கியவர் கைகூப்பி வணங்க வேண்டிய வைத்தியர். அவர் மீது குறை சொல்வதாகிவிடுமோ என்ற பயமே நாக்கைக் கட்டுகிறது என்று நினைக்கிறேன். குறை சொல்ல வேண்டியதில்லை. விளைவைச் சொல்வது குறை சொல்வதாகாது.

குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, வயிற்றில் துவாரமிட்டு மலம் சேரும் பை பொருத்தப்பட்ட ஒருவர் என் நண்பர். நல்லூர்க் கந்தனிடம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாதவர். அங்கே ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும் என்பது வழக்கம். வேட்டிக்கு மேலே அந்தப் பை தெரியும். இப்போது அவர் தேர்முட்டிக்கு அப்பால் வெளிவீதியில் சட்டையோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். கோயில் வழக்கை நான் இங்கே விசாரிக்க வரவில்லை. பையை மறைத்துக் கட்டும் துணிப்பட்டி ஒன்று இருக்கிறது, எந்தத் தையல்காரரும் தைக்கக்கூடியது, அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் உள்ளே போகலாம் என்று அவருக்கு ஒரு தாதி சொல்லியிருந்தால் போதும். ஆறு ஆண்டுகளில் ஒருவரும் சொல்லவில்லை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் போவதற்கு அவர் முதல்நாள் மதியத்திலிருந்தே பட்டினி கிடக்கிறார். அதுவும் வழி தெரியாமல் அவராகக் கண்டுபிடித்த வைத்தியம்.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. ஒக்ரோபர் வந்தால் இளஞ்சிவப்பு நாடா கட்டி நடை போகிறார்கள். மறுநாள் 'புற்றுநோயை வென்ற வீராங்கனை' என்று தலைப்பு வருகிறது. போர் மொழி பழகிய ஊரில் அது எளிதாக வருகிறது. வென்றவர் வீட்டுக்குப் போய் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீங்கிய கையைப் பற்றி வீராங்கனை பேசினால் தலைப்பு கெட்டுவிடும். படம் எடுக்கும்போது சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொள்ளச் சொன்ன படப்பிடிப்பாளரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிர்வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். வைத்தியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் சனம் சிகிச்சைக்கே வராது. நாட்டு வைத்தியம், மந்திரம், வெளிநாட்டு மூலிகைப் பவுடர் என்று போய் நோயை முற்றவிட்டு வரும்." அவர் பொய் சொல்லவில்லை, அப்படிப் போனவர்களை எனக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் விடுவதனால் அது தடைப்படுகிறதா? எச்சில் வற்றிய மனிதரை ஊர் பார்க்கிறது. வீங்கிய கையை ஊர் பார்க்கிறது. "கரண்ட் பிடிச்சால் இப்பிடித்தான் ஆகும்" என்ற பேச்சு ஒழுங்கையெல்லாம் போகிறது. வைத்தியர் சொல்லாததை ஊர் சொல்கிறது, பத்து மடங்காக்கிச் சொல்கிறது. இன்னது வரலாம், வந்தால் இதைச் செய்யலாம், இதற்கு இந்த நாளில் இந்த அறைக்கு வாருங்கள் என்று வைத்தியசாலையே தெளிவான தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பயம் குறையுமே தவிரக் கூடாது. அந்தத் தாளில் ஏற்றிய மருந்துகளின் பெயரும் கதிர்வீச்சின் அளவும் பட்ட இடமும் இருந்தால், 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் நிலையும் நீங்கும். இது என்னுடைய புத்தியில் உதித்த யோசனையல்ல. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2005 இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, சிகிச்சை முடித்துப் போகும் ஒவ்வொருவரின் கையிலும் அப்படியொரு எழுத்துமூலத் திட்டம் இருக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1985 இல், தாமே புற்றுநோயாளியாக இருந்த அமெரிக்க வைத்தியர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன், கடலில் மூழ்குபவரை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு நம் வேலை முடிந்ததென்று போய்விடுகிறோம் என்ற பொருளில் எழுதினார். கடற்கரை ஊர்களில் வாழும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2009 முதல் அங்கே புற்றுநோயாளர்கள் மருந்துச் சீட்டுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அந்த விதியின் சொற்களைக் கவனியுங்கள்: நோய்க்கு மட்டுமல்ல, நோயின் விளைவுகளுக்கும், முன்னர் பெற்ற சிகிச்சையின் விளைவுகளுக்கும் சேர்த்தே சலுகை. 'முன்னர் பெற்ற சிகிச்சை' என்ற அந்தச் சிறு தொடரை நம்முடைய எந்தச் சுற்றறிக்கையிலாவது எழுத வைக்க வேண்டும். இங்கே சட்டமே இல்லையென்றும் சொல்ல முடியாது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உடற்குறைபாட்டினால் வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற முடியாதவர் எவரையும், அக்குறை பிறவியில் வந்ததோ பின்னர் வந்ததோ என்று பாராமல், தன் வரைவிலக்கணத்துக்குள் கொள்கிறது. ஊசி பிடிக்க முடியாத தையற்காரி அதற்குள் வருவார். ஆனால் பிரதேச செயலகத்தில் அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர் எந்தக் கட்டத்தில் புள்ளடி இட வேண்டும்? அஸ்வெசும கொடுப்பனவில் சிறுநீரக நோயாளருக்குத் தனி வகை வந்தது, வடமத்திய மாகாணம் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்ததனால் வந்தது. நம்மவர்கள் உயிர் தப்பிய நன்றியில் மௌனமாக இருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். உங்கள் பணத்தில் கட்டடம் எழுகிறது, இயந்திரம் வருகிறது. வேண்டாமென்று சொல்லவில்லை. நல்ல இயந்திரம் பின்விளைவையே குறைக்கும். 2011 இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில், உமிழ்நீர்ச் சுரப்பியைத் தவிர்த்துக் கதிரைச் செலுத்தும் முறையினால், ஓராண்டின் பின் கடுமையான வாய் வறட்சி உள்ளவர்கள் 74 நூற்றுவீதத்திலிருந்து 38 ஆகக் குறைந்தார்கள். ஆனால் அந்த இயந்திரத்தை அப்படி இயக்குவதற்குப் பயின்ற பௌதிகவியலாளர் வேண்டும், மணிக்கணக்கில் திட்டமிடும் நேரம் வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாத செலவு அது. நிணநீர் வீக்கத்தைப் பிசைந்து வடியவைக்கப் பயின்ற இயன்மருத்துவர் ஒருவரின் சம்பளத்துக்கும், பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் படிப்புச் செலவுக்கும் நாடா வெட்டும் விழா கிடையாது. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலிநிவாரண இயக்கம், அயல்வீட்டுத் தொண்டர்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பியது. 2008 இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. அங்கேயும் முதலில் எழுந்தது கட்டடமல்ல.

அதுவரைக்கும், பணம் அனுப்ப நினைப்பவர் கை உறை வாங்கி அனுப்பலாம். வீங்கிய கைக்கு அணியும் அந்த இறுக்கமான உறை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டு உறவினர் தயவில் வாங்கியவர்கள். அன்றாடம் அணிந்தால் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், ஆகவே ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வேண்டும், துவைத்து மாற்றுவதற்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாக. ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது. மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே, அக்குளருகே என்று நான்கு இடங்களில் காலையில், வீக்கம் குறைவாக இருக்கும் நேரத்தில் சுற்றளவு எடுத்து, கையின் நீளத்தையும் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் இதைத் தெரிந்த ஒருவர் அளக்கட்டும். தவறான அளவு கையை நெரித்து நிலைமையை மோசமாக்கும். தென்மராட்சி ஆசிரியைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த முதல் உறை அளவில்லாமல் வாங்கியது. அது இன்னும் அவருடைய அலுமாரியில், பிரிக்காத உறைப்பெட்டியில் இருக்கிறது.